தமுக்கு கெடுத்த கணக்கு

என் மனைவியின் தங்கைக்கு மூன்று பெண்கள். மூத்தவள் தையல்காரரைக் கட்டிக்கொண்டு போனாள். கடைசிப் பெண் நர்ஸ். நடுவில் பிறந்தவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். முறைக்கு எனக்கு மகள். பெற்றவர்கள் வைத்த பெயர் அரசாங்கக் காகிதங்களில் மட்டும் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவள் தமுக்கு. ஒரு செய்தி அவள் காதில் விழுந்துவிட்டால், அது ஐந்தாம் மாடிக்குப் போய்ச் சேர லிஃப்ட் தேவையில்லை.

அதை வைத்து அவளை வம்புக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அது தொழில் கொடுத்த பழக்கம். தகர டப்பா செய்யும் ஆலையில் பதினொரு வருடம் வேலை பார்த்தவள். நான் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். தகட்டை அழுத்தி வெட்டும் அச்சு இயந்திரம் இறங்கும் ஒவ்வொரு தடவையும் நமக்குப் பல் ஆடும். அங்கே வாயால் பேசிக் கதையாகாது, கைதான் பேச வேண்டும். சுண்டுவிரலை மடக்கிக் காட்டினால் தகடு கோணலாக வருகிறது என்று அர்த்தம். தோளைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார். ஒரு வரிசைக்கு இருபது பெண்கள். தலைமாட்டில் நிற்பவள் கண்டதை அடுத்தவளுக்குக் காட்ட வேண்டும், அவள் அதற்கடுத்தவளுக்கு. நடுவில் ஒருத்தி தன்னோடு நிறுத்திக்கொண்டால் கடைசியில் நிற்பவளுக்கு விரல் போய்விடும். ஒருமுறை போயும் இருக்கிறது. அதனால் புதிதாகச் சேருகிற பெண்ணுக்கு மூடி அடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே, தெரிந்ததை அடுத்தவளுக்குக் கடத்தக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

அந்த ஆலையை ஒரு நாள் மூடினார்கள். எண்பது பெண்கள் ஒரே நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எண்பது பேரும் யார் என்கிறீர்கள்? அக்கா சேர்த்துவிட்ட தங்கை, அண்ணி சேர்த்துவிட்ட நாத்தனார், ஓரகத்தி இழுத்துக்கொண்டு வந்த ஓரகத்தி. பதினாலு பேர் ஊரின் மறுகோடியில் இருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் நாங்கள் இருக்கும் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களில்தான். ஆலை போனதும் எல்லோருக்கும் அரசாங்க உதவித்தொகைதான் சோறு. தமுக்கு வீட்டில் இன்னும் சிரமம். அவள் வீட்டுக்காரருக்குக் கிடங்கில் பெட்டி தூக்கி முதுகு போய் இரண்டு வருடமாகிவிட்டது. பள்ளிக்கூடம் போகிற பெண்கள் இரண்டு பேர்.

ஒரு வாரத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து எண்பது பேருக்கும் அழைப்பு வந்தது. கண்ணாடி போட்ட ஓர் இளம்பெண் எழுந்து நின்று பேசினாள். கையில் எப்போதும் ஒரு பென்சில், காதில் இன்னொன்று. அன்றைக்கே அவளுக்குக் கணக்கம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"வேலை தேடுறது எப்படின்னு ஆறு வாரம் ஒரு வகுப்பு ஆரம்பிக்கிறோம். அது உதவுமா உதவாதான்னு எங்களுக்கே தெரியாது" என்றாள் கணக்கம்மா. "வகுப்புக்கு வந்தவங்களுக்கு வேலை கிடைச்சா, அது வகுப்பால கிடைச்சுதா, இல்ல அவங்களே எப்படியும் தேடிப் பிடிச்சிருப்பாங்களா? அது தெரியணும்னா பாதிப் பேர் வரணும், பாதிப் பேர் வரக் கூடாது. ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பக்கத்தையும் எண்ணிப் பார்ப்போம்."

"வராத பாதி என்ன பாவம் பண்ணுச்சு மேடம்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"ஒரு பாவமும் இல்ல. இருக்கிறது நாப்பது நாற்காலி. அதான் சீட்டுக் குலுக்குறோம். உதவுதுன்னு தெரிஞ்சா அப்புறம் எல்லாருக்கும் வகுப்பு."

நியாயமான பேச்சுதான். சீட்டைக் குலுக்கினார்கள். ஊர்க்கோடிப் பதினாலு பேரும், என்ன ராசியோ, வகுப்பில்லாத இரண்டாம் பட்டியலிலேயே விழுந்தார்கள். தமுக்கு முதல் பட்டியலில் வந்தாள். அவள் வீட்டுக்காரரின் தங்கை இரண்டாம் பட்டியலில் போனாள். அந்த நாத்தனாரை நாங்கள் பூனை என்போம். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. வெளியாளிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் அன்றைக்குக் காய்ச்சல் வந்துவிடும். இரண்டு பேருக்கும் ஒரே மாடி, எதிரெதிர் வாசல். இவளை இந்தப் பட்டியலிலும் அவளை அந்தப் பட்டியலிலும் போட்டுவிட்டு, முதல் பட்டியல்காரர்களிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வகுப்பில் சொல்வதை ஆறு மாதத்துக்கு மற்ற பட்டியலுக்குச் சொல்லக் கூடாது, சொன்னால் உதவித்தொகை நிறுத்தப்படலாம். தமுக்கும் போட்டாள். கண் காகிதத்தில் இல்லை, வேறு யார் யார் பெயர் வந்தது என்று பார்ப்பதில் இருந்தது.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறை ஒன்று உண்டு. நாலு மெஷின், ஒரு நீள பெஞ்சு. அந்த மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெல்ட் மாட்டுவேன், குழாயில் அடைத்துக்கொண்ட பொத்தானை எடுப்பேன். முதல் நாள் வகுப்பு முடிந்து நாலு மணிக்குத் தமுக்கு துணிக்கூடையோடு வந்தாள். பின்னாலேயே பூனை. அதற்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். கூடையில் துணி இருந்தது பாதிப் பேரிடம்தான்.

"வாத்தியார் எப்படிடி?" என்று ஒருத்தி ஆரம்பித்து வைத்தாள்.

அவ்வளவுதான். தமுக்கு துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டி முன்நெற்றியை வழுக்கையாக்கிக்கொண்டாள். வாத்தியார் முன்பு வீடு வீடாகப் போய் மின்விசிறி விற்றவராம். அவர் நிற்பது மாதிரியே ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றாள்.

"அம்மாமார்களே! போனவுடனே 'வேலை இருக்கா'ன்னு கேக்காதீங்க. இல்லன்னு சொல்றது ரொம்பச் சுலபம். 'உங்க இடத்துல தினமும் தேங்கிக் கிடக்கிற வேலை எது'ன்னு கேளுங்க. அவன் சொல்ல ஆரம்பிச்சுடுவான். சொல்லி முடிக்கிறப்ப, 'அதை நான் பார்த்துக்குறேன்'னு சொல்லுங்க!"

பூனை மெதுவாகக் கேட்டாள்: "அண்ணி, சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்குனாங்களே?"

"வகுப்பு எடுக்கக் கூடாதுடி. நான் என்ன வகுப்பா எடுக்குறேன்? இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். இதைக்கூட வீட்டு மனுஷிகிட்ட சொல்லலைன்னா எனக்கு வயிறு வெடிச்சுடும்."

ஆறு வாரமும் அப்படித்தான். காலையில் வாத்தியார், மாலையில் தமுக்கு. விளம்பரம் வருவதற்கு முன்பே இடத்துக்குப் போவது, வாரத்துக்குப் பத்து இடம் என்று அட்டையில் குறித்துக்கொள்வது, ஆலை மூடிப்போன கதையைச் சொல்லாமல் கைக்குத் தெரிந்த வேலையைச் சொல்வது, எல்லாம் ஒன்றுவிடாமல் வந்து சேர்ந்தது. இரண்டாம் பட்டியலில் இருபத்தாறு பேர் எங்கள் கட்டடங்களில் இருந்தார்கள். நாலாவது நாளே இருபத்தாறு பேரும் ஆஜர். பெஞ்சில் இடமில்லாமல் மெஷின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். நான் கத்தினேன். யார் கேட்டார்கள்?

நேர்காணல் ஒத்திகைக்கு முதலாளி வேண்டுமென்று என்னைப் பிடித்தார்கள். கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார வைத்தார்கள். எதிரே பூனை.

"உனக்கு என்னம்மா தெரியும்?" என்றேன் கனத்த குரலில்.

பூனை வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மறுபடி கேட்டேன். மறுபடி காற்று. அந்த நேரம் பார்த்து நாலு மெஷினும் ஒன்றாகத் துணி பிழியும் சுற்றுக்கு வந்தன. தரை அதிர்ந்தது. உடனே பூனை நிமிர்ந்து, "ஒரு நிமிஷத்துக்கு நாப்பது மூடி பார்த்துப் பிரிப்பேன்! ஒரு கோணல் தப்பாது!" என்று போட்டாளே ஒரு சத்தம்! நான் கூடையோடு பின்னால் சரிந்துவிட்டேன். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. பத்து வருடம் இரைச்சலில் நின்றவளுக்கு அமைதிதான் பயம். இரைச்சல் இருந்தால் தன் குரல் தனக்குக் கேட்காது, தைரியம் வந்துவிடும். நானும் தமுக்கும் ஒரு திட்டம் போட்டோம். முதல் வாரம் நாலு மெஷினும் ஓட ஒத்திகை. அடுத்த வாரம் மூன்று. அப்புறம் இரண்டு. ஆறாவது வாரம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது. பூனை கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பிறகு, சின்னக் குரல்தான், ஆனால் தெளிவாகச் சொல்லி முடித்தாள். அன்றைக்கு என் கூடையைத் தூக்கி எறிந்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள்.

பெண்களுக்கு ஒவ்வொன்றாக வேலை வந்தது. ஒருத்திக்குப் பேருந்துப் பணிமனையில், இரண்டு பேருக்கு ரொட்டித் தொழிற்சாலையில், ஒருத்திக்குப் பல் மருத்துவரிடம். தமுக்குக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஏழு இடத்தில் நேர்காணல் வரைக்கும் போனாள். கேட்பவர் கேள்வியை முடிப்பதற்குள் இவள் பதிலை முடித்துவிடுவாள். மருத்துவமனையில் கருவிகளைக் கழுவி அடுக்கும் பிரிவில் கிட்டத்தட்டக் கிடைத்த மாதிரிதான். திரும்பி வந்தவளைக் கேட்டேன்.

"என்ன ஆச்சும்மா?"

"உள்ள போய்ப் பார்த்தேன் பெரியப்பா. அப்படி ஒரு அமைதி. ஒரு கத்திரிக்கோல் கீழ விழுந்தா பத்துப் பேர் திரும்பிப் பார்க்குறாங்க. எனக்கு மூச்சு முட்டிடுச்சு. 'இந்த வேலைக்கு நான் சரிப்பட மாட்டேன் மேடம், எங்க நாத்தனார் ஒருத்தி இருக்கா, அவளுக்குன்னே செஞ்ச வேலை இது'ன்னு சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! கைக்கு வந்ததை..."

"நாளைக்குப் பத்து மணிக்கு அவளை வரச் சொல்லியிருக்காங்க" என்றாள், தனக்கே வேலை கிடைத்த மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக. பூனைக்கு அந்த வேலை கிடைத்தது.

ஆறு மாதம் முடிந்தது. கணக்கம்மா வீடு வீடாக வந்து கேள்வி கேட்டுப் பென்சிலால் குறித்துக்கொண்டு போனாள். "உங்களுக்கு யாராவது பயிற்சி கொடுத்தாங்களா?" என்ற கேள்விக்கு இருபத்தாறு பேரும் இல்லை என்றார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. துணி துவைத்ததைப் போய் யார் பயிற்சி என்பார்கள்?

ஒரு மத்தியானம் தமுக்கு உதவித்தொகைக்கான மாதாந்திரக் கையெழுத்துக்கு அலுவலகம் போய்விட்டு நேரே என்னிடம் வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு மெஷின் துவைத்து, அலசி, பிழிந்து நின்றது. அதுவரை வாய் திறக்கவில்லை.

"உடம்புக்கு என்ன?"

"வகுப்பை மூடப்போறாங்க பெரியப்பா. வாத்தியார் அலமாரியைக் காலி பண்ணிட்டிருக்கார். எங்க பட்டியல்ல இருபத்தோரு பேருக்கு வேலை. அந்தப் பட்டியல்ல இருபத்திமூணு. வகுப்பு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னு எழுதி மேலிடத்துக்கு அனுப்பப்போறாங்களாம், திங்கக்கிழமை. 'உங்க கூட இவ்வளவு பேசியும் ஒரு பிரயோஜனமும் இல்லையேம்மா'ன்னு அந்த மனுஷன் என்கிட்டயே வருத்தப்படுறார். மூடிப்போன நூல் ஆலையில அறுபது பொம்பளைங்க அடுத்த மாசம் வகுப்பு வரும்னு காத்திருக்காங்க. அவங்களுக்கும் இல்ல."

"நீ சொன்னதாலதானே இந்தப் பக்கம் அத்தனை பேருக்குக் கிடைச்சுது."

"அதான் பெரியப்பா! ஊருக்கெல்லாம் சொன்னேன், சொல்ல வேண்டிய இடத்துல சொல்லல."

நான் காகிதத்தை நினைவுபடுத்தினேன். உதவித்தொகை நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. வேலையும் இல்லை, வீட்டுக்காரரால் எழுந்து நடப்பதே பாடு. பேசாமல் இருந்தால் அவளை யாரும் கேட்கப்போவதில்லை. இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன், மூத்தவன் சொல்ல வேண்டும் அல்லவா?

"தகடு கோணலா வருதுன்னு எனக்குத் தெரியுது பெரியப்பா. கடைசியில அறுபது பேர் நிக்கிறாங்க. நான் எப்படிக் கையைக் கட்டிட்டு நிக்கிறது?"

வெள்ளிக்கிழமை போவது என்று முடிவாயிற்று. வீட்டுக்காரர், "போயிட்டு வா. என்ன ஆனாலும் நீ வீட்டுக்கு வந்து பேசாம உக்கார்ந்திருக்கிறதை என்னால பார்க்க முடியாது" என்றாராம். துணைக்கு நான் கிளம்பினேன். வாசலுக்கு வந்தால் அங்கே பூனை மருத்துவமனைச் சீருடையோடு நிற்கிறாள், அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு. "கேட்டது நான்தானே அண்ணி" என்றாள். பேருந்து நிறுத்தத்தில் பார்த்தால் இன்னும் பதினேழு பேர். தமுக்காவது ரகசியம் காப்பதாவது.

அலுவலகத்தில் கணக்கம்மாவும், அவளுக்கு மேலே உள்ள அதிகாரியும், வாத்தியாரும் இருந்தார்கள். தமுக்கு உட்காரவில்லை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். துண்டு, வழுக்கை, கூடை, மெஷின், என் பெயரைக்கூட விடவில்லை.

கணக்கம்மாவின் கையிலிருந்த பென்சில் உருண்டு கீழே போனது. "திட்டம் போட்டதுல இருந்து ரெண்டு வருஷ வேலை" என்றாள் மெல்ல. "ரெண்டு பட்டியலும் வகுப்புக்கு வந்திருக்கு. அப்ப நான் எதோட எதை ஒப்பிட்டேன்?"

"என்னை மன்னிச்சுடுங்க மேடம். நீங்க சீட்டுப் போட்டது சரிதான். ஆனா எங்களை நடுவுல கோடு போட்டுப் பிரிச்சா நிக்காது. நாங்க பதினொரு வருஷம் பக்கத்துல நிக்கிறவளுக்குச் சொல்லிச் சொல்லித்தான் பத்து விரலோட இருக்கோம்."

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்தார். வாத்தியார் மட்டும் வேறு உலகத்தில் இருந்தார். "என்னை மாதிரி ஒத்தக் கால்லயா நின்னீங்க?" என்றார். "எங்க, ஒருமுறை நில்லுங்க."

தமுக்கு நின்றாள். பின்னால் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்தார்கள். வாத்தியாரே சிரித்துவிட்டார்.

கணக்கம்மா சிரிக்கவில்லை. புதுக் காகிதம் ஒன்றை எடுத்து, "யார் யார் அந்த அறைக்கு வந்தீங்க? இங்க வராதவங்க பேரையும் சேர்த்து ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றாள். சொன்னார்கள். எண்ணினாள். நிமிர்ந்தபோது அவள் முகமே மாறியிருந்தது.

"இந்தப் பட்டியல்ல துணி துவைக்கிற அறைக்கு வந்தவங்க இருபத்தாறு, அதுல வேலை கிடைச்சது இருபத்தொண்ணு. ஊர்க்கோடியில இருக்கிற பதினாலு பேர் ஒண்ணுமே கேக்கல. அதுல ரெண்டே பேர்."

"நாப்பதுக்கு இருபத்தொண்ணு என்னோடது. இருபத்தாறுக்கு இருபத்தொண்ணு இந்தம்மாவோடது" என்றார் வாத்தியார், யாரோ மேல் சட்டையைக் கழற்றிக்கொண்டு போனது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

"அவசரப்படாதீங்க சார்" என்றாள் கணக்கம்மா. "அந்த அறைக்கு வந்தவங்களுக்குப் பக்கத்துலயே நிறைய வேலை இடம் இருந்திருக்கலாம், துணைக்கு ஆள் இருந்திருக்கலாம். கோடியில இருக்கிறவங்களுக்கு நேர் பஸ்ஸே கிடையாது. வகுப்பு உதவுச்சுன்னு நான் இப்பவும் சொல்ல மாட்டேன். உதவலைன்னு சொல்லவும் மாட்டேன். எனக்குத் தெரியலன்னு எழுதுவேன்." பிறகு அதிகாரியைப் பார்த்தாள். "நூல் ஆலைக்காரங்களுக்குப் புதுசா ஒரு கணக்கு எடுக்கணும். இந்தத் தடவை ஆளுக்கு ஆள் சீட்டு வேணாம். கட்டடம் கட்டடமா சீட்டு. அண்ணியும் நாத்தனாரும் ஒரே பக்கம் இருக்கட்டும். அதுவரைக்கும் வகுப்பை மூட முடியாது."

"அது சரி. இது?" என்று அதிகாரி காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

பூனைதான் முன்னால் வந்தாள். ஒரு மெஷின்கூட ஓடவில்லை, ஒரு மின்விசிறி தவிர. "சார், அவங்களுக்கு நிறுத்துனா, எங்க இருபத்தாறு பேர்கிட்டயும் நிறுத்தணும். எங்கள்ல இருபத்தொரு பேருக்கு நிறுத்த ஒண்ணுமே இல்ல சார். நாங்க சம்பளம் வாங்குறோம்."

கணக்கம்மா குனிந்து பென்சிலை எடுத்துக்கொண்டாள். "எண்பது வீடு ஏறி இறங்கியிருக்கேன். கேக்காமலே வந்து உண்மை சொன்னது இந்தம்மா ஒருத்தர்தான். இவங்களுக்குத் தண்டனைன்னா அடுத்த தடவை எனக்கு யார் சார் வாயைத் திறப்பாங்க? பொய்யை எண்ணிக்கிட்டு நான் எங்க போறது?"

அவர் காகிதத்தை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், இழுப்பறையில் போட்டு மூடினார். "உதவித்தொகை தொடரட்டும்" என்றார். பதினேழு பெண்கள் ஒன்றாக மூச்சு விட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

கிளம்பும்போது தமுக்கு வாசற்படியில் திரும்பினாள். "அந்தப் பதினாலு பேரு? அவங்களுக்கு இப்பவாவது சொல்லலாமா மேடம்?"

"அந்தக் கணக்குதான் செத்துப்போச்சே. தாராளமா சொல்லலாம்" என்றாள் கணக்கம்மா. அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தாள்.

வாத்தியார் முந்திக்கொண்டார். "அவ்வளவு தூரம் என்னால போக முடியாது. எனக்கு ஒரு உதவியாளர் வேணும்னு ஒரு வருஷமா கேட்டுட்டிருக்கேன். சார், இந்தம்மாவைப் போடுங்க. ஆனா நூல் ஆலைக் கட்டடங்கள்ல வகுப்பு இல்லாத பக்கம் இவங்க நிழல்கூட விழக் கூடாது."

"சத்தியமா விழாது சார்" என்றாள் தமுக்கு. பின்னால் நின்ற அத்தனை பேரும் இருமினார்கள்.

அதிகாரி சம்மதித்தார். புதன்கிழமை, அவள் வேலையில் சேர்ந்த முதல் நாள். இரண்டு பேருந்து மாறி ஊர்க்கோடிக்குப் போனாள். பதினாலில் வேலை கிடைக்காத பன்னிரண்டு பேரும் ஒருத்தி வீட்டு முன்னறையில் கூடியிருந்தார்கள். அவர்களில் மூத்தவள், ஆலையில் அச்சு இயந்திரம் ஓட்டியவள், இவள் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, அங்க இருக்கிறவளுக்கெல்லாம் பந்தி வச்சுட்டு, ஆறு மாசம் கழிச்சு எங்களுக்கு மிச்சம் எடுத்துட்டு வந்திருக்கியா?"

"மிச்சம் இல்லக்கா, ஏழு இடத்துல போய்த் தோத்துட்டு வந்திருக்கேன். அதையும் சேர்த்துச் சொல்றேன். கொஞ்சம் நகர்ந்து உக்காரு, துண்டு ஒண்ணு குடு."

அவள் நகர்ந்து இடம்விட்டாள்.